பையில் ஓர் ஈயச் சுருள்



பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம். மாட்டுப் பொங்கலன்று காலை அப்பாவுக்கு லேசாகத் தலைச்சுற்றல். பிரஷர் பார்க்கலாம் என்று மெஷினை எடுத்தால், திரையில் ஒன்றுமே வரவில்லை. புது பேட்டரி போட்டும் பயனில்லை. பின்பக்க ஸ்குரூவைக் கழற்றிப் பார்த்தபோது, சிவப்பு வயர் ஒன்று ஈயம் விட்டுப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் கோளாறு.

பண்டிகை நாளில் எந்தக் கடை திறந்திருக்கும்? பக்கத்து வீட்டுக்கு லீவில் வந்திருந்த பாலிடெக்னிக் மாணவர் ஒருவர், பேனாவைவிடச் சற்றே பருமனான ஒரு சால்டரிங் அயர்னைப் பையிலிருந்து எடுத்தார். தன் லேப்டாப் சார்ஜரிலேயே சொருகினார். பத்து நிமிடத்தில் மெஷின் ஓடியது. அப்பாவுக்கு 130/80 என்று எண் தெரிந்த பிறகுதான் வீட்டில் அடுப்பே பற்றவைத்தோம்.

அன்றே முடிவு செய்தேன், எங்கள் பயணப் பையிலும் இப்படி ஒன்று வேண்டும் என்று. ஆனால் முதலில் வாங்கியது தவறாகப் போனது. அதைத்தான் உங்களிடம் சொல்ல நினைக்கிறேன்.

நான் வாங்கியது போன் சார்ஜரில் ஓடும் 8 வாட் அயர்ன். விலை குறைவு, எடையும் இல்லை. இயர்போன் வயரை ஒட்டவைக்க அது போதும். எமர்ஜென்சி லைட்டின் தடித்த வயரில் வைத்தேன். தாமரை இலைத் தண்ணீராக ஈயம் உருண்டு நின்றதே தவிர, பிடிக்கவில்லை. தடித்த செம்புக் கம்பி சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். இழுப்பதை ஈடுகட்ட அயர்னுக்கு வலு வேண்டும். கடைகளில் கிடைக்கும் 60/40 ஈயம் 190 டிகிரிக்குள் உருகிவிடும் என்றாலும், வேலை நடக்க முனையில் 300 முதல் 350 டிகிரி வரை நிலையாக நிற்க வேண்டும்.

அந்த மாணவர் வைத்திருந்தது யுஎஸ்பி-சி பிடி (பவர் டெலிவரி) வகை. பைன்சில், டிஎஸ்101 என்ற பெயர்களில் வருபவை இந்த ரகம்தான். 65 வாட் லேப்டாப் சார்ஜரில் போட்டால் 20 வோல்ட் வாங்கிக்கொண்டு, சில விநாடிகளிலேயே ஈயம் உருகும் சூட்டுக்கு வந்துவிடும். சூட்டை நாமே கூட்டிக் குறைக்கலாம். கீழே வைத்து மறந்துவிட்டால் தானாகச் சூட்டைக் குறைத்துக்கொள்ளும். குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அயர்னை மட்டும் வாங்கிவிட்டு, வீட்டிலிருக்கும் சாதாரண போன் சார்ஜரில் சொருகினால் வேலை நடக்காது. வோல்ட் பாதியாகக் குறைந்தால், சூடாக்கும் வலு கால்வாசியாகிவிடும். ஆகவே முதலில் உங்கள் சார்ஜரின் மேல் பொடி எழுத்தில் 20 வோல்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதற்கும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள்.

அவ்வளவு செலவு எதற்கு என்கிறீர்களா? நியாயமான கேள்விதான். போகும் இடத்தில் கரண்ட் இருக்கும் என்றால், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாகத் தொங்கும் 25 வாட் பிளக் அயர்னே போதும். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். அதில் ஒரே சிரமம், சூடேறவும் ஆறவும் நேரம் எடுக்கும். வேலை முடிந்து, வாசலில் கார் காத்திருக்கும்போது, கொதிக்கும் அயர்னை எந்தப் பையில் வைப்பீர்கள்? பயணத்துக்கு வாங்குகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. உலோக மூடி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

லைட்டர் கேஸில் ஓடும் அயர்ன் நமக்கு வேண்டாம். விமானத்தில் விடமாட்டார்கள். ரயிலிலும் எரியும் பொருளைக் கொண்டுபோவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை உண்டு. விமானப் பயணம் என்றால், அயர்னைச் செக்-இன் பெட்டியில் வைப்பதே வம்பில்லாத வழி. பவர் பேங்க் மட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

‘60 பொருள் ஒரே செட்டில்’ என்று வரும் பெட்டிகள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. பாதிக்கு மேல் தொடவே மாட்டோம். என் மகனின் பழைய ஜியோமெட்ரி பாக்ஸில் அடங்குவது இவ்வளவுதான்: அயர்ன், நடுவில் ரோசின் உள்ள 0.8 மில்லிமீட்டர் ஈயம் ஒரு சின்னச் சுருள், ட்வீசர், கட்டர், சின்ன ஸ்குரூ டிரைவர், சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ் கொஞ்சம், முனையைத் துடைக்கப் பித்தளைச் சுருள். தகரம் பற்றவைக்கும் ஆசிட் ஃப்ளக்ஸைத் தப்பித்தவறிக்கூடச் சேர்க்காதீர்கள். வயரை நாளடைவில் அரித்துவிடும்.

ஈயம் விஷம் என்பது நமக்குத் தெரிந்ததுதானே? சாப்பாட்டு மேஜையில் வைத்துச் செய்யாதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பக்கத்தில் இருக்க வேண்டாம். லித்தியம் பேட்டரியின் மேல் நேரடியாக அயர்னை வைக்கவே கூடாது. உப்பிய பேட்டரி, மிக்ஸி, மைக்ரோவேவ் இவையெல்லாம் தெரிந்த மெக்கானிக்கிடம் போகட்டும்.

அடுத்த பயணத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பரணில் கிடக்கும் பழுதான ரேடியோவையோ பொம்மைக் காரையோ இறக்கி, பத்து இடத்தில் ஈயம் வைத்துப் பழகுங்கள். முனையால் வயரைச் சூடாக்கி, ஈயத்தை வயரின் மேல் வையுங்கள். அயர்னின் மேல் அல்ல. எனக்கு ஏழாவது இடத்தில்தான் ஈயம் பளபளவென்று பரவி உட்கார்ந்தது. உங்களுக்கு எத்தனையாவதில் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்