சிவப்பு புஷ் போட்டால் ரேஸ் கார் ஆகாது, தம்பிமாரே



பழைய சிவிக் வைத்திருக்கும் நம்ம ஊர் வாலிபர்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை வேரூன்றிவிட்டது. இறப்பர் புஷ் கிழவர்களுக்காம், பொலியூரித்தேன் புஷ் ஓட்டத் தெரிந்தவனுக்காம். சிவப்பாகப் பளபளவென்று, நகத்தால் அழுத்தினால் அமுங்காமல் இருந்தால் அதுதான் 'பெர்ஃபோமன்ஸ்'. கராஜில் சொல்கிறார்கள், பார்ட்ஸ் கடையில் சொல்கிறார்கள், கேட்டவன் அடுத்தவனுக்குச் சொல்கிறான். பின் ட்ரெய்லிங் ஆர்முக்கு இது பொய். மழை நாளில் வளைவொன்றில் ஆளைக் கொல்லக்கூடிய பொய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஈஜி, ஈகே சிவிக்குகளின் பின்பக்கம் ஒருக்கால் கீழே படுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் நீளமான ட்ரெய்லிங் ஆர்ம் ஒன்று. அதன் முன் நுனியில் பெரிய புஷ், இரண்டு போல்ட்டில் கார் பொடியோடு பூட்டியிருக்கும். சில்லுப் பக்கத்தில் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், டோவைப் பிடிக்கிற சின்ன ஆர்ம் என்று மூன்று குறுக்கே பிடித்திருக்கும். சில்லு மேலே ஏறி இறங்கும்போது இந்த மூன்றும் அதை வளைந்த பாதையில் இழுக்கும். ஆகவே முன் நுனியிலுள்ள புஷ் மேல்கீழாகச் சுழன்றால் மட்டும் போதாது. பக்கவாட்டிலும் சாய வேண்டும், கொஞ்சம் முறுகவும் வேண்டும். ஹொண்டாக்காரன் அந்த இறப்பருக்குள் இடைவெளி விட்டது காசு மிச்சம் பிடிக்க இல்லை.

பொலியூரித்தேன் ஒரு அச்சில் சுழலும், மற்றத் திசைகளில் அடம் பிடிக்கும். அப்போது ஆர்ம் இறுகிப்போகும். நீங்கள் போட்ட ஸ்பிரிங் ஒன்று, சில்லு உணர்கிற ஸ்பிரிங் வேறொன்று. காய்ந்த ரோட்டில் "கார் நல்லா இறுக்கமா இருக்கு" என்று சந்தோஷமாக இருக்கும். மஹியங்கனைப் பதினெட்டு வளைவில் மழைக்குள் இறங்கும்போது அதே இறுக்கம் பின் சில்லை ரோட்டை விட்டுப் பிரிக்கும். முன்பக்கம் இன்ஜின் பாரத்தால் அமர்ந்திருக்கும், பின்பக்கம் ஏற்கெனவே லேசானது. அது விலகும்போது முன்கூட்டிச் சொல்லிவிட்டு விலகாது.

இதைவிட மோசமானவையும் நடக்கின்றன. வெடித்த புஷ்ஷின் இடைவெளிக்குள் விண்ட்ஸ்கிரீன் கம்மை ஊற்றி அடைக்கிறார்கள். லேத் பட்டறையில் நைலோனைக் கடைந்து அடித்து ஏற்றுகிறார்கள். கடைந்தவரின் கைவேலையைக் குறை சொல்ல மாட்டேன், அளவு அச்சொட்டாகத்தான் இருக்கும். வேலை செய்ய வேண்டிய பொருள்தான் அதுவல்ல.

"ரேஸ்காரன்கள் கடினமானதுதானே போடுறாங்க சேர்?" என்று கேட்பீர்கள். விஷயம் தெரிந்தவர்கள் அந்த இடத்தில் உருண்டைப் பெயாரிங் உள்ள புஷ் போடுவார்கள். அது எல்லாத் திசையிலும் அசையும். ஆனால் சத்தத்தை அப்படியே உள்ளே தரும், தூசியும் தண்ணீரும் போனால் தேயும், கழற்றிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கட்டுக்குருந்தையில் ஓடுகிறவனுக்கு அது சரி. கடற்கரை மணலிலும் மாரி வெள்ளத்திலும் ஓடி, உம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப் போகிற காருக்கு எதற்கு? பொலியூரித்தேனே ஹராம் என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்டபிலைசர் பார் புஷ்ஷுக்குத் தாராளமாகப் போடுங்கள், கிரீஸ் வைத்தால் போதும்.

அடுத்தது 'ஜப்பான் ஒரிஜினல்' ஆர்ம். 2020 மார்ச்சில் கார் இறக்குமதியை நிறுத்தியபோது பழைய கார்களுக்கும் அவற்றின் பார்ட்ஸுக்கும் வந்த மவுசு உங்களுக்குத் தெரியும். ஈகே உற்பத்தி 2000ஆம் ஆண்டோடு முடிந்தது. அந்தக் காரிலிருந்து கழற்றிய ஆர்மில் இருக்கிற இறப்பருக்கு இன்றைக்கு எத்தனை வயது? கறுப்புப் பெயின்ட் அடித்து, வெடிப்பை மறைத்து, 'பாவிக்காதது மாதிரி' என்று விற்கிறவர்களும் நம்மவர்கள்தான். ஈரமான தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்த வியாபாரியின் சம்பவத்தை ஓதப்பள்ளியில் கேட்காதவர் இவர்களில் எவர்? ஆர்ம் நேராக இருந்தால் பழையதை வாங்குங்கள், ஆனால் புஷ் புதிதாகவே இருக்கட்டும். கம்பனி இறப்பர் வாங்குங்கள், அல்லது நல்ல பெயருள்ள ஒருவர் அதே வடிவத்தில் கொஞ்சம் கடினமாகச் செய்த இறப்பரை வாங்குங்கள். 170 குதிரை வலுவுள்ள ஈகே4 எஸ்ஐஆருக்கு ஹொண்டா தந்ததும் இறப்பர்தான்.

டயர் உள்பக்கம் தேய்கிறது என்று மாதாமாதம் எலைன்மென்ட் கடைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. புஷ் கிழிந்திருந்தால் மேடையில் நின்ற கார் காட்டும் டோ ஒன்று, பிரேக் பிடிக்கும்போது சில்லு திரும்புவது வேறு. கிழிந்த புஷ்ஷோடு எலைன்மென்ட் செய்வது காசைக் கடலில் போடுவதுதான். அதைச் சொல்லாமல் பில் போடுகிறவரிடம் என்ன பேச?

கராஜில் நிற்கும்போது இதைக் கேளுங்கள்: பழைய புஷ்ஷைக் கழற்ற முன் அதன் கோணத்தை ஆர்மில் அடையாளம் போட்டீர்களா? நடுவிலுள்ள இரும்பு பொடியோடு இறுகப் பூட்டப்படுவதால், பிரஸ்ஸில் கோணம் மாறி ஏறினால் புது இறப்பர் முதல் நாளிலிருந்தே முறுகிக்கொண்டுதான் இருக்கும். மற்ற ஆர்ம்களின் போல்ட்டுகளை, ஜாக்கில் சில்லு தொங்கும்போது இறுக்க விடாதீர்கள். கார் தன் பாரத்தில் நிற்கும் உயரத்தில் வைத்துத்தான் இறுக்க வேண்டும். ஸ்பிரிங்கை வெட்டி இறக்கிய கார் என்றால், இறக்கிய அந்த உயரத்தில்.