வாசலில் மடியும் மீன்கள்

கடலில் வளர்ந்து, பிறந்த ஓடைக்கே திரும்பி வந்து முட்டையிட்டு உயிர் விடுவது சாக்கய் சால்மன் என்னும் மீனின் இயல்பு. ஆற்றில் ஏறும்போது அது இரை எடுப்பதில்லை. உடம்பில் சேர்த்த கொழுப்பே கட்டுச்சோறு. அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் 2015 கோடையில் நீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. கொழுப்போ சீக்கிரம் கரைந்துவிடும். விலாவெல்லாம் செம்புண்ணும் வெள்ளைப் பூஞ்சையுமாகக் குளிர்ந்த கிளையாறுகளில் ஒண்டிக் கிடந்தன சில. ஏறத்தாழ 2,50,000 மீன்கள் மடிந்தன. அணைகளில் தேங்கும் நீர் வெயிலில் மேலும் காய்கிறது. புவியைச் சூடேற்றும் கரிமப் புகையைக் குறைப்பது உலகத்தின் கடன். அதன் பலன் தெரியப் பல்லாண்டு ஆகும். கிளையாற்றங்கரைகளில் நிழல்மரம் வளர்ப்பதையும், மீனின் வழியை மறிக்கும் அணைகளை அகற்றுவதையும் இன்றே தொடங்கலாம். கடலையே கடந்து வந்த உயிரை வீட்டு வாசலில் சாகவிடலாகாது.