தளத்தின் பெயரும் இரண்டாண்டுப் பதிவேடும்

மாண்புமிகு இந்திய அரசின் தகவல் தொடர்புத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



செல்பேசியில் ஓர் இணையதளம் திறப்பதற்குள் அதன் பெயர் இருமுறை வெளியே தெரிந்துவிடுகிறது. அந்தப் பெயருக்குரிய எண் முகவரி எது என்று உலாவி முதலில் டிஎன்எஸ் வழங்கியிடம் கேட்கிறது. அந்த வழங்கி பெரும்பாலும் இணையச் சேவை நிறுவனத்துடையது. கேள்வியும் பொதுவாகத் திறந்த எழுத்திலேயே போகிறது. பிறகு எச்டிடிபிஎஸ் இணைப்புக்காக உலாவி அனுப்பும் முதல் செய்தியிலும் தளத்தின் பெயர் பெரும்பாலும் மறைக்கப்படுவதில்லை. படித்த பக்கமும் தட்டச்சு செய்த சொற்களும் நிறுவனத்துக்குத் தெரியாது. போன தளம் தெரியும்.

பெயர் மட்டுமே போதுமான அளவு சொல்லிவிடும். இரவு பதினொரு மணிக்கு ஒருவர் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் தளத்தைத் திறக்கிறார். பத்து நிமிடத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தின் தளம். விடியற்காலையில் மீண்டும் சங்கத்தின் தளம். வீட்டில் யாரிடமும் சொல்லாத அச்சம் இந்த மூன்று வரிகளில் வெளிப்பட்டுவிடுகிறது.

மறைநிலைச் சாளரம் இதைத் தடுக்காது. அந்தச் செல்பேசியில் வரலாறு தங்காமல் பார்த்துக்கொள்வதே அதன் வேலை. சேவை நிறுவனமும், அலுவலக வைஃபையை நடத்துபவரும் வழக்கம்போலப் பார்க்கலாம். விபிஎன் போட்டால் பார்வை சேவை நிறுவனத்திடமிருந்து விபிஎன் நிறுவனத்துக்கு மாறும், அவ்வளவே. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டது.

தொழில்நுட்பத் தீர்வு பாதி வழி வந்திருக்கிறது. டிஎன்எஸ் கேள்வியை எச்டிடிபிஎஸ் வழியே மறையாக்கம் செய்து அனுப்பும் முறை 2018இல் தரப்படுத்தப்பட்டது. முதல் செய்தியில் உள்ள பெயரை மறைக்கும் முறையை குரோமும் பயர்பாக்ஸும் 2023இல் ஏற்றன. தளமும் அதை ஏற்றிருந்தால்தான் அது பயன்படும். இரண்டும் இருந்தாலும் எண் முகவரி தெரிந்தே தீரும். பல தளங்கள் ஒரே எண்ணைப் பகிராதபோது, எண்ணே தளத்தைக் காட்டிக்கொடுக்கும்.

எஞ்சியதைச் சட்டம்தான் காக்க முடியும். எந்த எண்ணோடு, எப்போது, எவ்வளவு நேரம் இணைப்பு இருந்தது என்ற பதிவுகளை ஓராண்டு வைத்திருந்தால் போதும் என்றிருந்த உரிம நிபந்தனையைத் தொலைத்தொடர்புத் துறை 2021 டிசம்பரில் இரண்டாண்டாக உயர்த்தியது. குற்றப் புலனாய்வுக்குப் பதிவுகள் தேவை என்பது உண்மை. ஆனால் இந்த ஏற்பாடு எந்தக் குற்றத்திலும் தொடர்பில்லாத எல்லோருடைய நடமாட்டத்தையும் சேர்த்து வைக்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அதில் தலையிட சட்ட ஆதாரமும் நியாயமான நோக்கமும் நோக்கத்துக்கு மிகாத அளவும் வேண்டும் என்றது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க அரசுக்கே அதிகாரம் தருகிறது.

ஆகவே துறையிடம் மூன்று வேண்டுகோள்கள். பதிவுகளை வைத்திருக்கும் காலம் குறைக்கப்பட வேண்டும். ஒருவரின் பதிவைக் கேட்க நீதிமன்ற ஆணை கட்டாயமாக வேண்டும். என்ன பதிவாகிறது, எத்தனை நாள் இருக்கிறது என்பதை சிம் அட்டை விண்ணப்பத்திலேயே வாடிக்கையாளரின் மொழியில் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
இணையப் பயனர் ஒருவர்