ஒரு வேஃபரில் பல கல்லூரிகளுக்கு இடம் கொடுங்கள்

அறிவியல் ஆய்வுகளுக்கு நிதி வழங்கும் அலுவலகத்தின் தலைவர் அவர்களுக்கு,

பொதுமக்களும் அறிய, ஒரு கோரிக்கையைத் தங்கள் முன் வைக்கிறேன்.

ஒரு சிறு சில்லில் செதுக்கிய, 0.37 மி.மீ. அகலமுள்ள வாய்க்காலில், எண்ணெய்க்கு நடுவே நீர்த்துளிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. துளிக்குள் நுண்மணிகள் சிதறிக் கிடக்கின்றன. சில்லின் அடியில் ஒட்டிய, மின்சாரத்தால் அதிரும் பீசோ தகட்டை 2 மெகாஹெர்ட்ஸில் இயக்கினால், மணிகள் துளியின் நடுவில் ஒரே கோடாகச் சேர்கின்றன. வாய்க்கால் மூன்றாகப் பிரியுமிடத்தில் துளியும் உடைகிறது. மணிகள் நடுத்துளியோடு போக, வேண்டாத நீர் ஓரத்துளிகளோடு கழிகிறது. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் துளிக்குள் இப்படித் துகள்களை நிறுத்திக் காட்டினார்கள். செல்களைக் காந்தத்தால் நகர்த்த அவற்றில் காந்தத் துகள் ஒட்ட வேண்டும்; இவ்வழியில் அது இல்லாமலே நகர்த்தலாம்.

இதன் அடிப்படை பள்ளிப் பாடத்தில் உள்ள நிலையலைதான். நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,480 மீட்டர் செல்கிறது. 2 மெகாஹெர்ட்ஸில் பாதி அலைநீளம் 0.37 மி.மீ.; அதுவே வாய்க்காலின் அகலமானால், அழுத்தம் மாறாத இடமான அழுத்தக் கணு நடுவில் அமையும்; மணிகள் அங்கே சேரும்.

ஆனால் ஒலியைத் திருப்பியனுப்ப, சுவர் சிலிக்கான், கண்ணாடி போலக் கெட்டியாக இருக்க வேண்டும். எங்களைப் போன்ற கல்லூரிகளில் வார்க்க முடிந்தது சிலிக்கோன் ரப்பர். அது ஒலியை உறிஞ்சிவிடும். சிலிக்கானை அரித்துச் செதுக்கத் தூசியற்ற கிளீன் ரூம் வேண்டும். ஒரு சில்லுக்காக, சில்லுகள் வெட்டப்படும் சிலிக்கான் வட்டத்தகடான வேஃபர் முழுவதன் செலவை எங்களால் தாங்க முடியாது. ஒரே சில்லை வைத்துக் காலம் தள்ளவும் வழியில்லை: மணியின் விட்டம் பாதியானால் அதன்மேல் விசை எட்டில் ஒன்றாகிவிடும்; அதனால் வாய்க்காலையும் அதிர்வெண்ணையும் மாற்றி வடிவமைக்க வேண்டும். மாணவர்கள் வரையும் வடிவங்கள் கணினியிலேயே தங்கிவிடுகின்றன.

100 மி.மீ. வேஃபர் ஒன்றில் இத்தகைய சில்லுகள் பல அடங்கும். ஆகவே, ஆண்டுக்கு இருமுறை கல்லூரிகளிடம் வடிவங்களைப் பெற்று, ஒரே வேஃபரில் சேர்த்துச் செய்து தர ஆணையிடுங்கள். தங்கள் நிதியில் எழுந்த கிளீன் ரூம்கள் இதற்கெனக் குறிப்பிட்ட நேரம் ஒதுக்குவதை நிதி நிபந்தனையாக்குங்கள். பயனடையும் கல்லூரிகள், தோற்றுப்போன வடிவங்கள் உட்பட அனைத்தையும் பொதுவில் வைக்க வேண்டும் என்றும் விதியுங்கள்.

இதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. தங்கள் அலுவலகத்தின் ஒரு சுற்றறிக்கையே தொடங்கிவைக்கும். அடுத்த நிதியாண்டின் அறிவிப்பிலேயே இதைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி இயற்பியல் ஆசிரியர்