சமாதான மேசையில் சகோதரிகளுக்கு இடமுண்டா?



காவிரி நீரின் பெயரால் 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் நமது பெங்களூருவில் எழுந்த கலவரங்களை நம்மில் அநேகர் மறந்துவிடவில்லை. பிழைப்பைத் தேடி வந்த நகரத்தில், கணவரும் பிள்ளைகளும் வீடு திரும்பும்வரை தாய்மார்கள் கண்ணீரோடு ஜெபித்த நாட்கள் அவை. ஆனால் கலகம் அடங்கியபின் கூடிப் பேசிய இடங்களில் அந்தத் தாய்மாரின் குரல் எவ்வளவு கேட்கப்பட்டது? அதிகாரத்திலுள்ளவர்களுக்காக ஜெபிக்க வேதம் நமக்குக் கற்பிக்கிறது (1 தீமோத்தேயு 2:1, 2). அப்படியானால், அவர்கள் சமாதானத்தை எவ்வழியாய்த் தேடவேண்டும் என்பதையும் நாம் சிந்திக்கவேண்டும்.

இக்காரியத்தில் குவேக்கர் என்னும் கிறிஸ்தவக் கூட்டத்தாரிடம் நாம் கற்கவேண்டிய பாடம் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் பாக்ஸ் என்பவருடைய பிரசங்கத்தால் எழும்பியவர்கள் இவர்கள். தண்ணீர் ஞானஸ்நானத்தையும் திருவிருந்தையும் இவர்கள் ஆசரிப்பதில்லை. அதில் நாம் இவர்களோடு உடன்படுவதில்லை. ஆயினும், எந்த நோக்கத்திற்காகவும் ஆயுதம் எடுப்பதில்லை என்று 1661இல் இரண்டாம் சார்லஸ் மன்னருக்கே துணிந்து எழுதிக் கொடுத்தார்கள். சிறையில் அடைக்கப்பட்டிருந்த மார்கரெட் பெல் என்னும் சகோதரி, பெண்கள் சபையில் பேசுவது வேதத்துக்கு இசைந்ததே என்று எழுதிய நூல் 1666இல் வெளிவந்தது. தேவ ஆவி குமாரத்திகள்மேலும் ஊற்றப்படும் (அப்போஸ்தலர் 2:17, 18) என்று விசுவாசிக்கிற நமக்கு இது அந்நியமான சிந்தையல்ல. யுத்தங்களால் நொறுங்கிய மக்களுக்கு இவர்கள் செய்த ஊழியத்துக்காக, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உள்ள இவர்களுடைய இரண்டு சேவை அமைப்புகளுக்கு 1947இல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது.

இவர்களில் ஒருவர் மார்ஜரி சைக்ஸ் அம்மையார். இங்கிலாந்தில் பிறந்த இவர், 1928இல் சென்னைக்கு வந்து, வேப்பேரியிலுள்ள பெண்டிங்க் பெண்கள் பள்ளியில் ஆசிரியையானார், தமிழும் கற்றுக்கொண்டார். பின்பு குவேக்கர் ஐக்கியத்தில் சேர்ந்தார். சேவாகிராமத்தில் காந்தியடிகளின் ஆதாரக் கல்விப் பணியில் உழைத்தார். நீலகிரியின் கோத்தகிரியிலும் வாழ்ந்து பணிசெய்தார். அவருடைய அனுபவத்தை நாகாலாந்து தேடிய காலம் ஒன்று வந்தது.

நாகாலாந்து 1963 டிசம்பரில் தனி மாநிலமானபோதும் துப்பாக்கிச் சத்தம் ஓயவில்லை. அங்கே சமாதானத்துக்கு முதலடி எடுத்து வைத்தது சபையே. 1964இல் நாகாலாந்து பாப்திஸ்து சபைகளின் முயற்சியால் ஜெயப்பிரகாஷ் நாராயண், அசாம் முதலமைச்சர் பிமலா பிரசாத் சாலிஹா, மைக்கேல் ஸ்காட் போதகர் ஆகியோரைக் கொண்ட சமாதானக் குழு அமைந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 6ஆம் தேதி போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. அதைக் கண்காணித்த குழுவில் மார்ஜரி சைக்ஸ் அம்மையாரும் சேர்ந்து பணியாற்றினார். இரு தரப்பாரையும் சந்தித்து, இரு தரப்பாருக்கும் செவிகொடுப்பதே அப்பணி.

அந்தப் போர்நிறுத்தம் நிலைக்கவில்லை. நாகர்கள் தங்களுக்குள்ளும் பிரிந்து இரத்தம் சிந்தினார்கள். அப்போது எழும்பியவர்கள் தாய்மார்கள். 1984இல் தோன்றிய நாகா அன்னையர் சங்கம், இனி இரத்தம் சிந்தவேண்டாம் என்ற வேண்டுகோளோடு ஆயுதம் தாங்கிய குழுக்களைத் தேடிச் சென்று பேசியது. ஆனால் அதே மாநிலத்தின் 60 பேர் கொண்ட சட்டமன்றத்துக்கு ஒரு பெண் தேர்ந்தெடுக்கப்பட 2023 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று! அவ்வாண்டுதான் ஹெகானி ஜாகலு, சல்ஹௌதுவோனுவோ குரூஸ் என்னும் இருவர் வெற்றி பெற்றனர். கிறிஸ்தவர் பெரும்பான்மையாயிருக்கிற மாநிலம் அது என்பதை நாம் வேதனையோடு கவனிக்கவேண்டும். காட்டுக்குள் சமாதானத் தூது போகத் தகுதியுள்ள தாய், சட்டம் இயற்றத் தகுதியற்றவளா?

வேதத்தில் தாவீதைப் பாருங்கள். நாபாலின்மேல் மூண்ட கோபத்தில், பட்டயம் கட்டிய நானூறுபேரோடு புறப்பட்டான். வழியில் எதிர்கொண்டு வந்த அபிகாயில் என்னும் ஸ்திரீ அவனைத் தடுத்துப் பேசினாள் (1 சாமுவேல் 25). அவளுடைய ஞானம் பெரிது. ஆனால் அவள் சொல்லுக்குச் செவிகொடுத்து, பட்டயத்தை உறையிலிட்டு, தன்னை இரத்தப்பழிக்கு விலக்கினாள் என்று அவளை ஆசீர்வதித்த தாவீதின் தாழ்மையும் பெரிது. நாளைய ராஜாவுக்கு அன்று அதுவே பாடம். இன்றைய தலைவர்களுக்கும் அதுவே பாடம்.

நமது கர்நாடகம் இதில் முன்னோடி என்பது மகிழ்ச்சிக்குரியது. நாடு முழுவதற்குமான பஞ்சாயத்துச் சட்டத்திருத்தம் வருமுன்னே, 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்மூலம் ஊரக மன்றங்களில் நான்கில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கியது. மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2023இல் நிறைவேற்றியது. எனினும் சட்டம் நாற்காலியைக் கொடுக்கலாமேயன்றிக் கேட்கிற செவியைக் கொடுக்காது. மனைவி உறுப்பினராயிருக்க, கணவர் அதிகாரம் செலுத்தும் வழக்கம் இதற்குச் சாட்சி.

பிரியமானவர்களே, தேர்தல் காலத்தில் உங்கள் வாசலுக்கு வருகிற வேட்பாளரிடம் தண்ணீரையும் சாலையையும் கேளுங்கள், தவறல்ல. அதோடு, மொழியின் பெயரால் இத்தெருவில் கலகம் எழும்பினால் நீர் யாரை அழைத்துப் பேசுவீர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். அப்படிக் கேட்கிற நமது சபைகளிலும், உபவாச ஜெபத்தில் முதலில் முழங்கால்படியிடுகிற சகோதரிகளுக்கு சபைக் கமிட்டியில் இடம் கொடுத்திருக்கிறோமா என்று ஆராய்ந்து பார்ப்போம்.

சமாதானத்தின் தேவன் நம்மை ஆளுகிறவர்களுக்குச் செவிகொடுக்கிற இருதயத்தைத் தந்தருளுவாராக. ஆமென்.