சட்டத்தின் தராசும் சாமானிய மனிதனும்

இணையத் தூண்டில் மோசடிக்கெதிராகத் தனிச்சட்டம் இயற்றிய அமெரிக்க மாநிலங்களுள் கலிபோர்ணியாவும் ஒன்றாகும். வங்கி போன்ற நிறுவனமொன்றின் பெயரிலே பொய் மின்னஞ்சல் அனுப்பி, ஒருவரது கடவுச்சொல்லையும் கணக்கிலக்கத்தையும் கறந்தெடுப்பதை 2005 ஆம் ஆண்டின் அச்சட்டம் தடைசெய்தது. அதன் தேவையை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால், அது யாருடைய இழப்பைப் பெரிதென மதிக்கின்றது என்பதே கேள்வி.

பாதிப்புற்ற இணையத்தள உரிமையாளரும் வர்த்தகச் சின்ன உரிமையாளரும் தமது உண்மை நட்டம் அல்லது 500,000 டொலர், இவற்றுள் கூடியதைக் கோரலாம். ஏமாற்றப்பட்ட தனிமனிதனோ நட்டத்தின் மும்மடங்கு அல்லது 5,000 டொலர், இவற்றுள் கூடியதையே கோரலாம். நிறுவனத்தின் பெயருக்கு நூறு பங்கு; மனிதனின் சேமிப்புக்கு ஒரு பங்கு!

மும்மடங்கு தாராளமன்றோ எனச் சிலர் வாதிடுவர். அதனை யாரிடம் அறவிடுவது? நேரடியாக மோசடி புரிந்தவன்மீது மட்டுமே தனிமனிதன் வழக்குத் தொடரலாம். பொய்ப்பெயருக்குள் ஒளிந்து, கடல்கடந்தும் இருக்கக்கூடிய ஒருவனை அவன் எங்ஙனம் தேடிப் பிடிப்பான்? அவனுக்குக் கிடைத்தது ஏட்டுச் சுரைக்காயே.

இதே மாநிலத்தில் 2003 இல் நடைமுறைக்கு வந்த பிறிதொரு சட்டம், தம்மிடமுள்ள தனியாள் விபரங்கள் களவுபோனால் உரியவருக்கு அறிவிக்குமாறு நிறுவனங்களைப் பணித்தது. கடமையை வல்லவர் தோளில் ஏற்றும் அவ்வழியே நேரியது. இணைய வணிகத்தால் இலாபமீட்டுவோரே அதன் ஆபத்தையும் சுமத்தல் வேண்டும். திருடனைத் தேடும் வேலையைப் பறிகொடுத்தவனிடமே விட்டுவிடும் சட்டம், சட்டமாகலாம், நீதியாகாது.