பயணிக்கு ஒரு கேமரா

1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் புதுச்சேரிக்கு வந்து அரவிந்தரைப் படமெடுத்தார். அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று அரவிந்தர் மறைந்தார். அவருடைய முதுமை முகத்தை நாம் இன்று அந்தப் படங்களில் பார்க்கலாம். உலகம் சுற்றிய அந்தக் கலைஞர் வாழ்நாளெல்லாம் நம்பியது லைக்கா என்ற சிறிய கேமராவை.

ஊர் சுற்றுகிறவருக்கு டிஜிட்டல் கேமரா பரிசளிக்க நினைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். கனமான கேமரா விடுதி அறையிலேயே தங்கிவிடும். மெகாபிக்சல் கணக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். சென்சாரின் அளவைக் கேளுங்கள். 13.2க்கு 8.8 மில்லிமீட்டர் அளவுள்ள ஓர் அங்குல வகை சென்சாராவது இருந்தால்தான் மாலை மங்கலிலும் படம் தெளிவாக வரும். கண்ணை ஒட்டிப் பார்க்கும் வியூஃபைண்டரும் அவசியம். நம் புதுச்சேரியில் கடல் கிழக்கே இருக்கிறது. காலை வெயில் நேராக அடிக்கும்போது கடற்கரைச் சாலையில் பின்பக்கத் திரையில் எதுவும் தெரியாது. லென்ஸ் மாற்றும் கேமரா புதியவருக்கு வேண்டாம் என்பேன். மாற்றுகிற ஒரு நிமிடத்தில் மணல் உள்ளே போய்விடும்.

இங்குள்ள உப்புக் காற்றும் ஈரமும் பொல்லாதவை, லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், உபரி பேட்டரி மூன்றையும் சேர்த்தே கொடுங்கள். ரகசியமாக வாங்கி வியப்பில் ஆழ்த்தவும் வேண்டாம். அவரையே கடைக்கு அழைத்துப்போய்க் கையில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.